'சத்தம்' என்னும் சொல்

சென்ற பருவத்தில் நம் கலாசாலைத் தமிழ் வகுப்பில் 'எம் ஊர்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு மாணவரைப் பணித்திருந்தோம். திருவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, சிவகாசி செல்லும் சாலையை அடுத்த சிற்றூரிலிருந்து வந்துள்ள மாணவர் ஒருவர் தம் கட்டுரையில், "நண்பகலில் சத்தம் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் உலையை இறக்காமலே தெருவுக்கு ஓடி வருவார்கள்" என்று எழுதியிருந்தார். அக்கட்டுரை எம்மிடம் வருமுன் இருவர் கைப்பட்டு வந்தது. அவருடைய விடுதித் தோழர் ஒருவர் 'சத்தம்' என்பதை அடித்துச் 'சப்தம்' என எழுதி, அதுவே சுத்தமான வடிவம் என்று ஓரத்திற் குறித்திருந்தார். பின்னர்ப் பார்த்த மற்றொருவர் தனித்தமிழிற் பற்று மிக்கவர். அவர் 'சப்தம்' என்பதையும் அடித்து 'ஒலி' என்று திருத்திவிட்டார். கட்டுரையாளர் எம்மிடம் வந்து, "ஐயா, எங்கள் ஊரில் யாரும் ஒலி கேட்டு ஓடுவதில்லை. ஆனால் நான் எழுதியது பிழையென்றே இருவரும் சொல்கிறார்கள். எதுதான் சரி?" என்று வினவினார். அன்று அவருக்குச் சுருங்கக் கூறிய விடையை ஈண்டுச் சற்று விரித்து எழுதப் புகுந்தோம்.

ஒரு சொல்லின் பிறப்பை முதலில் விசாரித்து, அதன்பின் அதற்கு இடங்கொடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்வது சிலருக்கு வழக்கம். ஒருவருடைய பாட்டனார் யாவர் என்று கேட்டறிந்த பின்னரே அவருக்கு வேலை கொடுப்பவரை நாம் மெச்சுவதில்லை. ஆதலின் இச்சொல் என்ன வேலை செய்கின்றது என்பதை முதலிற் பார்த்துப் பிறப்பினைப் பிறகு பார்ப்போம்.

வீட்டிற்குள் இருக்கின்றோம், பின்கட்டில் ஏதோ உருளுகின்றது. "என்ன சத்தம்?" என்று கேட்கின்றோம். "ஒன்றுமில்லை, பூனை செம்பைத் தட்டிவிட்டது" என்று விடை வருகின்றது. இவ்வினாவையும் விடையையும் உற்று நோக்குக. கேட்டவர் அவ்வொலி உரத்ததா மெல்லியதா, கணீரென்றதா கரகரத்ததா என்று கேட்டிலர். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்றே கேட்டார். விடை கூறியவரும் ஒலியின் இயல்பைச் சொல்லவில்லை, நிகழ்ச்சியைச் சொன்னார். "ஒன்றுமில்லை" என்று அவர் தொடங்கியது கவனிக்கத்தக்கது. ஒலி இருந்தது, அதில் ஐயமில்லை. அஞ்சத்தக்க நிகழ்ச்சி ஒன்றுமில்லை என்பதே அதன் கருத்து.

எதிரே நிற்கும் நாயைக் கண்டு, "நாய் குரைக்கிறது" என்கின்றோம். சுவருக்கு அப்பால் குரைப்பின், "நாய்ச் சத்தம் கேட்கிறது" என்கின்றோம். வெள்ளை வேட்டைநாய்க்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்திலும் இவ்வேறுபாடு இப்படியேதான். ஆதலின், 'சத்தம்' என்பது வெறும் ஒலியைக் குறிக்கும் பெயரன்று. காணப்படாத ஒன்று நிகழ்ந்ததற்குக் காதின்வழி வரும் சான்றினைக் குறிக்கும் பெயர் என்று கொள்ளலாம். பிற வழக்குகளையும் இதனோடு ஒட்டிப் பார்த்தால் பொருள் விளங்கும். 'சத்தமில்லாமல் வீட்டை விற்றுவிட்டார்' என்றால், விற்கும்போது அவர் வாய்பேசவில்லை என்பதன்று. பிறர் அறியச் சான்று ஒன்றும் வெளிவரவில்லை என்பதாம். 'சத்தங் காட்டாமல் வா' என்பதும் அத்தகையதே. 'சத்தம் கொடுத்துப் பார்' என்று தென்பாண்டி நாட்டார் கூறுவர்: வீட்டினுள் ஆள் உண்டோ என்றறியப் புறத்தே நின்று கூப்பிடுக என்பது பொருள். 'அப்பா சத்தம் போடுவார்' என்று தாய் அச்சுறுத்தும்போதோ, சத்தம் என்பது கடிந்துரைத்தலையே குறிக்கின்றது. மெல்லிய குரலிற் கடிந்தாலும் அது சத்தம் போடுதலே. இவ்விடங்களுள் ஒன்றிலேனும் 'ஒலி' என்னும் சொல்லை வைத்துப் பாருங்கள். 'அப்பா ஒலி போடுவார்' என்று சொல்லும் தாய் தமிழ்நாட்டில் இல்லை.

இனிப் பிறப்பு. 'சப்த' என்னும் வடமொழிச் சொல்லே இதற்கு மூலம் என்பதில் அகராதியாசிரியர்க்குள் வேறுபாடில்லை. ஆனால் மூலத்திலிருந்து தமிழுக்கு அது வந்த வழிதான் நம் வினாவுக்கு இன்றியமையாதது. வடமொழியில் இருவேறு மெய்கள் அடுத்து நிற்பின், பிராகிருதம் எனப்படும் பாகத மொழிகளில் முன்னது பின்னதன் வடிவை அடைந்து இரட்டித்தல் வழக்கம். 'பக்த' என்பது 'பத்த' ஆயிற்று. 'சக்தி' 'சத்தி' ஆயிற்று. 'ரக்த' 'ரத்த' ஆயிற்று. இவை தமிழிற் பத்தர், சத்தி, இரத்தம் என்று வழங்குவதை நாம் அறிவோம். 'யுக்தி' என்பது 'உத்தி' ஆனதும் இவ்வகையதே. இவ்வரிசையிலேதான் 'சப்த' என்பதும் பாகதத்தில் இரட்டித்த தகரமுடைய வடிவம் பெற்று, அங்கிருந்து தமிழிற் புகுந்தது. வடமொழி வடிவிலன்றிப் பாகத வடிவிலேயே சொற்கள் தமிழகத்துக்கு மிகப் பழைய காலத்தில் வந்தன என்பதற்கு மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டு நல்ல சான்று. கி.மு. 2-ஆம் நூற்றாண்டினது என ஐராவதம் மகாதேவன் கணித்த அக்கல்வெட்டில் 'தர்மம்' என்றில்லை. 'தம்மம்' என்றே உள்ளது. சமண பௌத்த முனிவர் தம் பாகதச் சொற்களோடு பாண்டி நாட்டிற் குடிபுகுந்த காலம் அது.

பாகதத்திலும் பாலியிலும் இச்சொல்லின் இரட்டைத் தகரம் 'பந்து' என்பதன் தகரம்போல மெலிந்தே ஒலிக்கும். தமிழில் வந்தவுடன் 'பத்து' என்பதன் தகரம்போல வலித்துவிட்டது. இஃது எழுதியவர் தவறோ பேசியவர் தவறோ அன்று. வல்லின மெய் சொல்லின் முதலிலும், இரட்டித்த இடத்திலும் வலித்தே ஒலிக்கும். உயிரிடைத் தனித்து நிற்கும்போதும் மெல்லினத்தை அடுத்து நிற்கும்போதும் மெலியும். தமிழின் இவ்வியல்பினைத் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியிலிருந்து தொண்டாற்றிய கால்டுவெல் ஐயர், 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ஒரு விதியாகவே எடுத்துக்காட்டினார். வந்த சொல் தமிழின் இவ்விதிக்குக் கட்டுப்பட்டுத் தன் ஒலியை மாற்றிக்கொண்டது என்பதே உண்மை.

இதனைக் காதாற் கேட்டறிய விரும்புவோர்க்கு இராஜபாளையம் தக்க இடம். அவ்வூரில் தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழைக் கடைத்தெரு மொழியாகவும் உடைய குடும்பங்கள் பல. தெலுங்கில் ஓசைக்குச் 'சப்புடு' என்பது அன்றாடச் சொல்; அதனோடு, இப்பாகதச் சொல்லின் வழிவந்து, மெலிந்த இரட்டைத் தகரத்தோடு உகரத்தில் முடியும் வடிவமும் உண்டு. கன்னடத்திலும் அஃதுண்டு. தமிழெழுத்தில் எழுதினால் 'சத்து' என்று வரும். உடம்பில் உள்ள சத்தோடு அதனை மயக்கிக்கொள்ள வேண்டா. ஆக, ஒரே பாகதச் சொல் தெலுங்கன் வாயில் மெலிந்தும் தமிழன் வாயில் வலித்தும் ஒலிக்கின்றது. இலங்கையிற் சிங்களப் பேச்சிலும் அதன் கிளையே ஓசைக்கு வழங்குகின்றது. வட இந்தியாவிலோ நிலைமை வேறு. இந்தியில் 'சப்த்' என்பது 'சொல்' என்று பொருள்படும். வடமொழியில் இவ்விரு பொருளும் இருந்தன. தமிழிலும் கற்றோர் இலக்கண நூலைச் 'சத்தநூல்' என்றதுண்டு. ஆனால் மக்கள் அப்பொருளை ஏற்றிலர். தமக்கு வேண்டிய பொருளை மட்டும் வைத்துக்கொண்டனர்.

ஒன்று இங்கே இடையிற் கூறுவோம். ஏழு என்று பொருள்படும் வடசொல்லாகிய 'ஸப்த' என்பதும் பாகதவழி வந்து தமிழிற் 'சத்த' என்றே நின்றது. சத்தமாதர், சத்தகன்னியர் என்னும் பெயர்கள் அதன்வழி வந்தவை. ஊரோரக் கோயிலில் வரிசையாக அமர்ந்திருக்கும் அக்கன்னியர் எழுவரேயன்றிச் சத்தமிடுபவர் அல்லர். தேர்வில் இவ்வாறு பொருள் எழுதிய மாணவர் உண்மையிலேயே உண்டு.

இனி, 'சத்தம்' என்பது 'சப்தம்' என்பதன் சிதைவு, கல்லாதார் வாயிற் கெட்ட வடிவம் என்னும் கருத்தை ஆராய்வோம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்து மொழிமரபு, சகர மெய் அகரத்தோடு கூடிச் சொல்லுக்கு முதலாகாது என விலக்குகின்றது. 'சத்தம்' என்னும் சொல் அவ்விதியின் முன் நிற்கவொண்ணாது. ஆகவே அவ்விதி எழுந்த காலத்துக்குப் பின்னரே இஃது ஏட்டுவழக்கில் இடம் பெற்றிருத்தல் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் நன்னூலிற் சகரத்துக்கு இத்தடையை வைத்திலர்; அவர் காலத்துக்குள் இத்தகைய சொற்கள் மிகுந்துவிட்டன. இவ்விருவர்க்கும் இடையில் ஒரு பெருஞ்சான்று இருக்கின்றது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவினதென்று பலரும் கருதும் மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கின்றார். அங்கு அவர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் மேற்கோள், சத்தம் நிலையில்லாதது என்பதாம். பண்ணப்படுவது யாதாயினும் நிலையாது, சத்தம் பண்ணப்படுவது, ஆதலின் அது நிலையாது என்று வாதம் செல்லும். சாத்தனார் அவ்விடத்து ஆண்டது 'சத்தம்' என்னும் வடிவே. கல்லாதார் கெடுத்த சொல்லை அளவை நூல் கற்பிக்கும் அடிகளின் வாயில் அவர் வைத்திரார். பள்ளிகளில் வாதஞ்செய்வோர் ஆண்ட கலைச்சொல்லாகிய இதுதான், பின்பு தெருவில் இறங்கிச் சமையலறைக்கும் வந்தது. 'சப்தம்' என்பதோ வடமொழி எழுத்துமுறையைப் பார்த்து மீண்டும் அமைத்துக்கொண்ட வடிவம். ஆகவே, 'சப்தம்' கெட்டுச் 'சத்தம்' ஆகவில்லை. விடுதித் தோழருக்கு இவ்வளவே விடை.

தனித்தமிழ் அன்பருக்கு இவ்வளவு எளிதாக விடை கூறலாகாது. அவர் கொள்கைக்கு வலிமை உண்டு. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டளவிற் தொடங்கிய இயக்கம் இல்லாதிருப்பின், இன்று நாம் எழுதும் உரைநடை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கின்றது. வேண்டாத இடத்து வேற்றுச்சொல் பெய்தலை யாமும் விரும்பேம். எனினும், தொல்காப்பியரே செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரும் வடசொல்லை ஏற்றார்; சிதைந்து வருவனவும் பொருந்துமாயின் விலக்கப்படா என்றார். திருவில்லிபுத்தூர் மக்கள் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைச் 'சீ' ஆக்கிச் 'சீவில்லிபுத்தூர்' என்று கூறுவதும் இந்நெறிப்பட்டதே. அவர்கள் தொல்காப்பியம் படித்துவிட்டு அவ்வாறு சொல்லவில்லை. நாவுக்கு இயல்பானது அது.

ஆனால் இலக்கணத்தின் இசைவு மட்டும் போதாது. 'சத்தம் வருமுன் தமிழர் அவ்விடத்தில் எச்சொல்லை ஆண்டனர்? அதனையே மீட்டுக்கொண்டால் என்?' என்று அவர் வினவக்கூடும். நல்ல வினா. அதற்கு விடை திருவில்லிபுத்தூரிலேயே கிடைக்கின்றது.

ஆண்டாளின் காலம் 8-ஆம் நூற்றாண்டு அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பர். திருப்பாவையிற் சகர முதற்சொற்கள் தாராளமாக உள்ளன; சங்கு, சகடம், சரம், சக்கரம் எல்லாம் வருகின்றன. ஆனால் 'சத்தம்' இல்லை. ஒலியைக் குறிக்க ஆண்டாள் மிகுதியும் ஆள்வது 'அரவம்' என்னும் சொல். ஆறாம் ஏழாம் பாசுரங்களில் மட்டும் அது நான்கு இடங்களில் வருகின்றது. சங்கின் பேரரவம், முனிவரும் யோகிகளும் அரி என்று கூறும் பேரரவம், ஆனைச்சாத்தன் பறவைகளின் பேச்சரவம், ஆய்ச்சியர் மத்தாற் கடையும் தயிரின் அரவம் என்பன அவை. இந்நான்கும் எந்த இடத்திலிருந்து கேட்கப்படுகின்றன என்பதை மாணவர் நினைந்து பார்த்தல் வேண்டும். வீட்டினுள்ளே ஒரு பெண் உறங்குகின்றாள். கதவு அடைத்திருக்கின்றது. தோழியர் புறத்தே நின்று, இவ்வரவங்கள் உன் காதில் விழவில்லையா என்று கேட்கின்றனர். சங்கையும் அவள் காணவில்லை, மத்தையும் காணவில்லை. விடிந்துவிட்டது என்பதற்கு அவளுக்குக் கிடைக்கக்கூடிய சான்று அரவம் ஒன்றுதான்.

இன்று நாம் "என்ன சத்தம்?" என்று கேட்கும் நிலையும் இதுவே. அன்று அரவம் வகித்த பதவியை இன்று சத்தம் வகிக்கின்றது. அரவம் ஏன் விலகியது என்பதற்கு ஒரு காரணம் எமக்குத் தோன்றுகின்றது. பாம்புக்கும் அரவம் என்று பெயர். இருட்டில் ஒருவன் 'அரவம்' என்று கூவினால், கேட்பவன் காதைத் தீட்டிக்கொள்வதா காலைத் தூக்கிக்கொள்வதா? இரு பொருளும் இருட்டுக்கும் அச்சத்துக்கும் உரியவையாயிருத்தலின், மயக்கம் வராத வேறு சொல்லை மக்கள் விரும்பியது வியப்பன்று. எனினும் அரவம் முற்றும் மறைந்துவிடவில்லை. 'ஆளரவம்' என்னும் தொடரில் அது பிழைத்திருக்கின்றது. செண்பகத்தோப்புக் காட்டுப்பாதையில் ஆளரவமே இல்லை என்று திருவில்லிபுத்தூரார் இன்றும் கூறுவர். அத்தொடரிலும் அதன் பொருள் பழைய பொருளே: ஆள் இருப்பதைக் காட்டும் சான்று. ஆகவே தனித்தமிழ் வேண்டுவோர் அம்மாணவரின் வாக்கியத்தில் இடவேண்டிய சொல் அரவமே. 'ஒலி' என்பது அந்த இடத்துக்கு ஒருகாலும் உரியதாக இருந்ததில்லை.

அப்படியாயின் ஒலிக்கும் ஓசைக்கும் உரிய இடங்கள் யாவை? அப்பர் தேவாரத்தில் ஓசையையும் ஒலியையும் அருகருகே வைத்து இரண்டும் இறைவனே என்று பாடியிருத்தலின், பழையோர் இவற்றை ஒன்றெனக் கருதவில்லை என்பது தெளிவு. செப்பலோசை, அகவலோசை, துள்ளலோசை, தூங்கலோசை என யாப்பருங்கலக்காரிகை கற்றவர் அறிவர். ஓர் ஒழுங்கோடு தொடர்ந்து செல்வது ஓசை. கோயிலில் மணியோசை, சலங்கையோசை என்கின்றோம். செவிக்கு இனிமை தருமிடத்து அச்சொல் இயல்பாக வருகின்றது. வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்துச் செவிப்புலனுக்கு ஓசை என்றே பெயர் வைத்தார். 'ஒல்' என்னும் ஒலிக்குறிப்பை அடியாகக் கொண்ட 'ஒலி' என்பதோ நம் காலத்தில் அறிவியலாரின் சொல்லாகிவிட்டது. வானொலி, ஒலிப்பதிவு, ஒலியலை, ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றிலும் அது பொருத்தமாகவே நிற்கின்றது. இவ்விடங்களிற் 'சத்தம்' புகுவதற்கு உரிமையில்லை. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வைத்துப் பாடுமிடத்து அண்டை வீட்டு மாணவன், "ஒலிபெருக்கிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை" என்கின்றான். இலக்கணம் கற்பியாமலே அவன் இரு சொல்லையும் உரிய இடத்தில் வைத்துவிட்டான்.

புதிய பொருள் வரும்போது மக்கள் பழைய தமிழ் வழக்கை எவ்வளவு அழகாக நீட்டிக்கொள்வர் என்பதற்கும் இவ்வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டு நூற்பாலை நிறுவனத்தைத் தொடங்கியபின், அவ்வூர் ஆலை ஊராக வளர்ந்தது. ஆலை ஊர்களில் வேலை மாறும் நேரத்தை அறிவிக்க ஊதிய நீராவிக் குழலுக்கு மக்கள் இட்ட பெயர் 'சங்கு'. அதில் வலம்புரியும் இல்லை, இடம்புரியும் இல்லை. விடியுமுன் உறங்குவோரை எழுப்புவது என்னும் ஒப்புமை ஒன்றே போதியதாயிற்று. ஆண்டாளின் தோழியர் எந்தச் சங்கின் அரவத்தைக் காட்டி எழுப்பினரோ, அதே பெயரால், "சங்கு ஊதிவிட்டது" என்று ஆலைத்தொழிலாளரின் தாய்மார் தம் மக்களை எழுப்பினர். ஆலையினுள்ளே நூற்கும் பொறிகள் எழுப்புவதற்கு மட்டும் சங்கும் பொருந்தாது, ஓசையும் பொருந்தாது, அஃது இரைச்சல். அய்யனார் அருவி மழைக்காலத்தில் எழுப்புவதும் இரைச்சலே, ஆயினும் அதனை ஒருவரும் வெறுப்பதில்லை.

மிஷன் கலாசாலையின் மலரில் எழுதுகின்றோமாதலின் வேதாகமத் தமிழைப்பற்றியும் ஒரு சொல். 1871-ஆம் ஆண்டு முற்றுப்பெற்று வெளிவந்த பவர் ஐயரின் திருத்தமே புரொடெஸ்டண்டுத் திருச்சபைகளிற் பெரும்பாலும் இன்றளவும் வாசிக்கப்படுகின்றது. அதில் 29-ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய குரலைக் குறிக்கச் 'சத்தம்' என்னும் சொல் ஏழுமுறை வருகின்றது. 'குரல்' என்று போட்டிருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். தேவன் கண்ணுக்குப் புலனாகார். அவர் செயலின் சான்று மட்டும் தண்ணீர்களின்மேலும் கேதுருக்களின்மேலும் கேட்கின்றது. காணப்படாத ஒன்றின் சான்றைக் குறிக்கும் சொல் அங்கு எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணுக. எலியா தீர்க்கதரிசி கெபியினுள் இருந்து கேட்டதும் மெல்லியதொரு சத்தமே. அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. வீட்டினுள்ளிருந்த சீஷர் மேல் வானத்திலிருந்து வந்ததைக் கூறுமிடத்து மொழிபெயர்ப்பாளர் 'முழக்கம்' என்றனர். அதனைப் புறத்தே நின்ற ஜனங்கள் கேட்டு, என்னவோ நிகழ்ந்தது என்று கூடிவந்ததைக் கூறுமிடத்துச் 'சத்தம்' என்றனர். உள்ளே இருந்தவர்க்கு முழக்கம். வெளியே இருந்தவர்க்குச் சத்தம். வேதாகமத் தமிழின் வேறு பல இடங்களில் எமக்கு மனக்குறை உண்டு. இவ்விடத்தில் அவர்கள் சொல்லறிந்து ஆண்டார்கள் என்று துணிந்து கூறுவோம்.

தென் மாவட்டங்களில் மற்றொரு சத்தம் உண்டு. 'வண்டிச் சத்தம் எவ்வளவு?' என்றால் வண்டிக்கூலி எவ்வளவு என்பது பொருள். இராஜபாளையத்துக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் கேட்டுப் பெற்ற சத்தம் அதுவே. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இத்தொடரைக் கேட்டு, அச்சுக்கு எண்ணெய் இட்டால் சத்தம் குறையுமே என்று விடை கூறியதை இன்னும் சொல்லிச் சிரிக்கின்றோம். அச்சு முனகுவதால் கூலிக்கு இப்பெயர் வந்தது என்று விளக்கம் தருவாரும் உளர். அது விளையாட்டு. ஓசைப் பொருளிலிருந்து கூலிப் பொருள் கிளைத்ததற்கு இடைப்பட்ட வழக்கு ஒன்றையேனும் காட்டினாலன்றி, இவற்றை உருவொத்த இருவேறு சொற்கள் என்று வைத்துக்கொள்வதே முறை. ஓரெழுத்து வடிவிற் பல சொற்கள் வந்து கூடுவது தமிழிற் புதிதன்று. அரவத்தையும் சத்தகன்னியரையும் மேலே கண்டோம்.

இப்போது அம்மாணவரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். அவர் ஊரைச் சூழ்ந்த பகுதியிற் பட்டாசு செய்யும் தொழிற்சாலைகள் பல. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்று 1999-ஆம் ஆண்டு அரசினர் விதி வகுத்தனர். அது கருவியால் அளக்கப்படுவது, ஆகவே ஒலி. விதியை எழுதுவோர் 'ஒலி அளவு', 'ஒலி மாசு' என்றெல்லாம் எழுதுவது முற்றும் சரியே. தீபாவளியன்று நம் தெருவிற் கேட்பதை 'வெடிச்சத்தம்' என்கின்றோம். அதனால் நமக்குப் பெரிய இடர் ஒன்றுமில்லை. ஆனால் பட்டாசு செய்யும் ஊர்களில், திருநாள் அல்லாத ஒரு நாளின் நண்பகலில், 'சத்தம்' என்னும் சொல்லுக்கு அடைமொழியே வேண்டாம். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. "சத்தம் கேட்டது" என்று ஒருவர் சொன்னால், எதன் சத்தம் என்று அவ்வூர்களில் எவரும் கேளார். எந்தத் தொழிற்சாலை, நம் வீட்டார் இன்று வேலைக்குப் போனது எங்கே என்பவையே கேள்விகள். அங்கு நம் 'ஒலி'யை எழுதினால் வாக்கியம் இலக்கணப் பிழையற்றதாகவே இருக்கும். ஆனால் அப்பெண்கள் ஓடிவரமாட்டார்கள்.

இக்காரணங்களை அவருக்கு எடுத்துரைத்து, இரண்டு அடித்தல்களையும் நீக்கிச் 'சத்தம்' என்றே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். கட்டுரை அவ்வாக்கியத்தோடு சட்டென முடிந்திருந்தமையால், ஓடி வந்த பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டோம். "பேசமாட்டார்கள், ஐயா. புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள்" என்றார். அதனையும் கட்டுரையிற் சேர்க்கச் சொன்னோம். மறுநாள் சேர்த்துக்கொண்டு வந்தார்.